லேக் டிஸ்ட்ரிக்ட்ல நாள் பூரா மழைன்னா அந்த நாள் வேஸ்ட்டா?

கேள்வி, 2025 மார்ச் 8

ஈஸ்டர் லீவுக்கு மான்செஸ்டர்ல இருந்து கார்ல லேக் டிஸ்ட்ரிக்ட் (வடமேற்கு இங்கிலாந்துல ஏரியும் மலையுமா இருக்கற பகுதி) போறதா ப்ளான், மூணு நாள். நான், மனைவி, ரெண்டு பசங்க, ஊர்லருந்து வந்திருக்கற மாமனார் மாமியார். போன தடவ போனப்ப மூணு நாளும் மழை, ரூம்லயே உக்காந்து டிவி பாத்துட்டு வந்தோம். மழை பெஞ்சா அங்க பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லன்னுதான் எனக்குத் தோணுது. பேசாம கேன்சல் பண்ணிரலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க அண்ணே.

மார்ச் 8, ராத்திரி

கேன்சல் பண்ணாதீங்க தம்பி. நான் தென்காசிக்காரன். எங்க ஊருக்கு ஜூன் ஜூலைல ஜனம் எதுக்கு வருது? மழைக்குத்தான வருது. சாரல் விழுதான்னு போன் போட்டு விசாரிச்சுட்டு, விழுதுன்னா அன்னிக்கே கிளம்பி வர்றாங்க, வெயில் அடிச்சா "சீசன் டல்லு"ன்னு மூஞ்சத் தொங்கப் போட்டுட்டுத் திரும்பிப் போறாங்க. லேக் டிஸ்ட்ரிக்டும் அந்த மாதிரி ஊர்தான். அந்த ஏரி, அருவி, பச்சை எல்லாம் மழை கொடுத்தது.

போன அக்டோபர் கடைசி வாரம் ஸ்கூல் லீவுல நாங்க அஞ்சு நாள் கார் ட்ரிப் போனோம். லீசெஸ்டர்ல கிளம்பி யார்க்‌ஷயர் வழியா மேல ஏறி பென்ரித்ல ரூம் போட்டிருந்தோம். அதுல ஒரு நாள் காலைல ஆறு மணிக்குப் பிடிச்ச மழை ராத்திரி வரைக்கும் வெறிக்கவே இல்ல. இப்ப எங்க வீட்ல அந்த ட்ரிப் பத்திப் பேச்சு வந்தா அந்த ஒரு நாளப் பத்தித்தான் பேசுறோம், மத்த நாலு நாள் என்ன பாத்தோம்னு யோசிச்சாத்தான் ஞாபகம் வருது.

நாளைக்கு விவரமா எழுதறேன். இப்போதைக்கு ஒண்ணே ஒண்ணு: மழை நாள்ல மேல ஏறாதீங்க. மலை உச்சிய மறந்துட்டு தண்ணி இருக்கற இடமாப் பாத்துப் போங்க.

மார்ச் 9, காலை

சொன்ன மாதிரி ரூட்டு. பென்ரித்ல இருந்து பூலி பிரிட்ஜ், அங்கருந்து அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையோட போற ஏ592 ரோடு, ஏரா ஃபோர்ஸ் அருவி, அப்புறம் டாக்ரே வழியா ஏறி ஏ66 பிடிச்சு கேஸில்ரிக் கல்வட்டம், கெஸிக் டவுன், மத்தியானத்துக்கு மேல போரோடேல் பள்ளத்தாக்கு. போக மட்டும் சுமார் 40 மைல்தான், ஆனா நாள் பூரா ஆயிருச்சு. கார்ல நான், மனைவி, ஏழு வயசுப் பொண்ணு, பின் சீட்ல எங்கம்மா. அம்மாவுக்கு 68 வயசு, முட்டு வலி உண்டு, ஆனா தண்ணி விழுற சத்தம் கேட்டா கால் தானா நடக்கும்.

ஏரிக்கரையில போறப்ப எதிர்க்கரையில மலையே காணோம், மேகம் இறங்கி வந்து தண்ணி மேல உக்காந்திருக்கு. அம்மா கண்ணாடிய இறக்கச் சொல்லி கைய வெளிய நீட்டி மழையத் தொட்டுப் பாத்தாங்க. "ஏய்யா, இது நம்ம ஊர் மழை இல்லய்யா, ஃப்ரிட்ஜுக்குள்ள பெய்யுற மழை"ன்னு சொல்லிட்டு கைய முந்தானையில தொடச்சுக்கிட்டாங்க.

ஏரா ஃபோர்ஸ்ல நேஷனல் ட்ரஸ்ட்ங்கற பாதுகாப்பு அமைப்போட கார் பார்க் இருக்கு, அங்கருந்து அருவிக்கு கால் மணி இருபது நிமிஷ நடை, முழுக்க மரத்துக்கு அடியில. ஃபோர்ஸ்னா இந்தப் பக்கத்துப் பேச்சுல அருவி. வைக்கிங் காலத்துல வந்து குடியேறினவங்க விட்டுட்டுப் போன வார்த்தை அது. ஓடைக்கு பெக், மலைக்கு ஃபெல், மலைமேல இருக்கற குட்டிக் குளத்துக்கு டார்ன், எல்லாம் அந்த வழியில வந்ததுதான். அருவி உயரம் சுமார் 20 மீட்டர். குத்தாலம் பாத்து வளந்த ஆளுக்கு உயரம் ஒண்ணும் பெருசாத் தெரியாது, ஆனா இது ஒரு இடுக்குக்குள்ள விழுது. மேல ஒரு கல் பாலம், கீழ ஒரு கல் பாலம். கீழ்ப் பாலத்துல நின்னா அருவிக்காத்து தண்ணிப் பொடிய மூஞ்சியிலயே அடிக்குது, பேசுறது பக்கத்துல நிக்கறவங்களுக்குக் கேக்காது. பாலத்துச் சுவர்க் கல்லுல கட்டியா பாசி. விரல் வச்சு அமுக்கினா உள்ள போகுது, எடுத்தா மெல்ல மேல எழும்பி வருது. என் பொண்ணு அருவிய விட்டுட்டு அதையே நாலஞ்சு தடவ அமுக்கி அமுக்கிப் பாத்தா, ஒவ்வொரு தடவையும் விரலுக்கு ரெண்டு பக்கமும் தண்ணி கசிஞ்சு வந்துச்சு.

தண்ணி கட்டஞ்சாயா நிறம். அழுக்குன்னு நினைச்சுராதீங்க. மேல மலையில புல்லும் பாசியும் ஆயிரக்கணக்கான வருஷமா மக்கிப்போன கருப்பு மண்ணு இருக்கு, பீட்னு சொல்றாங்க, மழை பெஞ்சா அது ஊறி இறங்குற நிறம்.

மார்ச் 9, சாயங்காலம்

ஒரு அக்கா கேட்டிருந்தாங்க, முட்டு வலி உள்ளவங்க ஏரா ஃபோர்ஸ் போகலாமான்னு. போகலாம், ஆனா கால் மணி நேரம்னு நான் எழுதினது என் நடைக்கு. அம்மாவக் கூட்டிட்டுப் போனப்ப அதுவே முக்கால் மணி ஆச்சு. கீழ்ப் பாலத்துக்குப் படி இறங்கணும், நனைஞ்ச கல்லு வழுக்கும், இலை உதிர்ற காலத்துல இன்னும் மோசம். ஒரு கைத்தடி கொண்டு போங்க. அம்மா ஊர்லருந்து கொண்டு வந்த பிரம்பத்தான் ஊனிக்கிட்டு வந்தாங்க. குடை மட்டும் வேண்டாம்.

மார்ச் 11

வேர்ட்ஸ்வொர்த் எழுதின டாஃபடில் பூ பாட்ட நாம எல்லாரும் ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணிருப்போம். அந்தப் பூ பூத்தது இந்த அல்ஸ்வாட்டர் கரையிலதான், ஏரா ஃபோர்ஸ் தாண்டி க்ளென்கோய்ன் பக்கம். ஈஸ்டருக்குப் போறீங்கன்னா உங்களுக்குப் பூ கிடைக்கவும் வாய்ப்பு இருக்கு.

நான் இத்தனை வருஷமா அது ஒரு நல்ல வெயில் நாள்னே நினைச்சுட்டு இருந்தேன். இல்லவே இல்லையாம். 1802 ஏப்ரல் 15 அன்னிக்கு வேர்ட்ஸ்வொர்த்தும் தங்கச்சி டோரதியும் பூலி பிரிட்ஜ் பக்கத்துல இருந்து பேட்டர்டேல் வரைக்கும் நடந்து போயிருக்காங்க, நாங்க கார்ல போன அதே கரை. டோரதி டைரி எழுதுற பழக்கம் உள்ளவங்க, அதுல எல்லாம் இருக்கு. பேய்க்காத்து அடிக்குது, திரும்பிப் போயிரலாமான்னு முதல்ல யோசிச்சிருக்காங்க, அப்புறம் மழையும் பிடிச்சு நனைஞ்சுதான் போய்ச் சேந்திருக்காங்க. அந்தக் காத்து அடிக்கப் போய்த்தான் பூ எல்லாம் ஆடியிருக்கு. பாட்டுல அவர் தனியாப் போன மாதிரி எழுதிட்டார், ஆனா அத முதல்ல டைரில எழுதி வச்சது கூட நடந்து வந்த தங்கச்சி. இதப் படிச்சதுக்கு அப்புறம் எனக்கு அந்தப் பாட்டு மேல இருந்த பிரியம் கூடிருச்சு, டோரதி மேல இன்னும் கூடுதலா.

மார்ச் 14

"இங்கிலாந்து பூரா மழைதான், எந்தப் பக்கம் போனா என்ன"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். அப்படி இல்லைங்க. லண்டன்ல வருஷத்துக்கு சுமார் 600 மி.மீ. மழை. நம்ம சென்னையில சுமார் 1400. சென்னையை விட லண்டன்ல மழை கம்மி, இத நம்ப மாட்டேங்கறாங்க. சென்னையில ரெண்டு மாசத்துல கொட்டித் தீத்துரும், லண்டன்ல வருஷம் பூரா நசநசன்னு தூறும், அதான் வித்தியாசம். கெஸிக்ல சுமார் 1500, அதாவது சென்னை அளவு. அங்கருந்து எட்டு ஒன்பது மைல் தெக்க போனா சீத்வெயிட்னு ஒரு இடம், நாலு பண்ணை வீடு, அவ்வளவுதான், அங்க சுமார் 3500 மி.மீ. இங்கிலாந்திலயே அதிக மழை அங்கதான்.

காரணம் நாம அஞ்சாம் ஆறாம் வகுப்புல படிச்சதேதான். அட்லாண்டிக்ல இருந்து தென்மேற்குக் காத்து ஈரத்தோட வந்து மலையில மோதி மேல ஏறுது, ஏறினாக் குளிருது, குளிர்ந்தாக் கொட்டுது. இங்கிலாந்திலயே உயரமான ஸ்காஃபெல் பைக், 978 மீட்டர், சீத்வெயிட்டுக்குப் பின்னாடிதான் நிக்குது. மலையத் தாண்டி கிழக்க வந்தா மழை மறைவுப் பிரதேசம், அதனால பென்ரித்ல ஆயிரத்துக்கும் கம்மி. தென்காசில சாரல் விழறப்ப திருநெல்வேலி டவுன்ல வெயில் பொளக்குமே, அதே கணக்கு. அதனால தம்பி, பெரியவங்க இருக்காங்க, மழை ஒத்துக்காதுன்னா கிழக்குப் பக்கமா ரூம் போடுங்க. காலைல எந்திரிச்சுப் பாத்து எவ்வளவு மழைக்குள்ள போகணுமோ அவ்வளவு மேக்க போயிக்கலாம்.

மார்ச் 15

திருத்தம். "இங்கிலாந்திலயே அதிக மழை"ன்னு நான் எழுதினது அரைகுறை, ஒருத்தர் சரியாப் பிடிச்சுட்டார், நன்றி. மனுஷங்க குடியிருக்கற இடத்துல அதிகம்னு சொல்லணும். சீத்வெயிட்டுக்கு மேல மலையில ஸ்ப்ரிங்க்ளிங் டார்ன்னு ஒரு குளம் இருக்கு, அங்க இன்னும் அதிகம். அங்க யாரும் குடியில்ல.

மார்ச் 17

இத எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

2015 டிசம்பர் 1, சென்னை. அன்னிக்கு ஒரே நாள்ல தாம்பரத்துல 49 செ.மீ. பெஞ்சது. என் தங்கச்சி வீடு முடிச்சூர்ல. நான் லீசெஸ்டர்ல உக்காந்துக்கிட்டு போன் போடுறேன், போடுறேன், லைன் போகல. ரெண்டு நாள் கழிச்சுத்தான் குரல் கேட்டேன், மொட்டை மாடியில பக்கத்து வீட்டுக்காரங்களோட இருந்திருக்கா. அந்த வாரக் கடைசில டிவியப் போட்டா இந்த ஊர்ல வெள்ளம். டெஸ்மண்ட் புயல். டிசம்பர் 5 சாயங்காலம் வரைக்கும் 24 மணி நேரத்துல சீத்வெயிட் பக்கத்து ஹானிஸ்டர் கணவாயில 341.4 மி.மீ., பிரிட்டன்ல 24 மணி நேர மழைக்கு அதுதான் ரெக்கார்டு. கார்லைல் ஊருக்குள்ள போட்ல ஆளக் கூட்டிட்டுப் போறாங்க. எனக்கு எது சென்னை எது கார்லைல்னு டிவியில கொஞ்ச நேரம் குழம்பிருச்சு, ரெண்டுலயும் அதே பழுப்புத் தண்ணி, அதே மாதிரி ஜன்னல் மட்டத்துக்கு நிக்குது.

பூலி பிரிட்ஜ்னு ஊருக்குப் பேர் வந்ததே ஒரு பாலத்தாலதான். 1764ல கட்டின மூணு வளைவுக் கல் பாலம், அந்த டிசம்பர் 6ம் தேதி தண்ணியோட போயிருச்சு. இப்ப இருக்கறது 2020ல திறந்த ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் பாலம், பிரிட்டன்ல அந்த மாதிரி ரோட்டுப் பாலம் அதுதான் முதல். நாங்க போன அன்னிக்கு மழையில அதுல நின்னு கீழ பாத்தோம். அம்மாகிட்ட விஷயத்தச் சொன்னேன், நம்ம முடிச்சூர்ல தண்ணி வந்த அதே வாரம்னு. அம்மா ஒண்ணும் சொல்லல, பாலத்துக் கம்பிய மட்டும் கையால தடவிப் பாத்தாங்க.

மழைய ரசிக்கச் சொல்றவன் இதையும் சொல்லணும்ல. வானிலை ஆபீஸ் மஞ்சள் எச்சரிக்கை போட்டா வெளிய போகலாமான்னு யோசிங்க, அதவிடக் கடுமையான ஆம்பர் போட்டா கிளம்பவே கிளம்பாதீங்க.

மார்ச் 22

ஒரு வாரமா ஆபீஸ் வேலை. விட்ட இடத்துல இருந்து.

கேஸில்ரிக். கெஸிக் டவுனுக்கு வெளிய ஒரு மேட்டுல வட்டமா நட்டு வச்ச கல்லு, சுமார் 5000 வருஷப் பழசு. டிக்கெட் கிடையாது, ரோட்டு ஓரமா காரப் போட்டுட்டு கேட்டத் தொறந்தா ஆட்டுப் புழுக்கை மிதிச்சுக்கிட்டே போயிரலாம். வெயில் நாள்ல சுத்தியும் மலை தெரியும், அதுக்காகவே கூட்டம் வரும். நாங்க போனப்ப மலை ஒண்ணும் தெரியல, ஆளும் இல்ல, மேகத்துக்குள்ள கல்லு மட்டும் நிக்குது. ஒரு பக்கத்துல நின்னா எதிர்ப்பக்கத்துக் கல்லு நிழல் மாதிரித்தான் தெரிஞ்சது. எனக்கு அதுதான் பிடிச்சது.

அம்மா செருப்பக் கழட்டப் போயிட்டாங்க, நான்தான் சேறுன்னு தடுத்தேன். அப்புறம் அவங்க பாட்டுக்கு ஒரு சுத்து வலமா வந்தாங்க. "யாரோ பெரியவங்களுக்கு நட்டிருக்காங்கய்யா, சும்மா யாரும் இத்தாம் பெரிய கல்லத் தூக்கிட்டு வர மாட்டாங்க"ன்னாங்க. எதுக்கு நட்டாங்கன்னு இங்க உள்ள ஆராய்ச்சிக்காரங்களுக்கும் உறுதியாத் தெரியாது. நம்ம ஊர்க் கல்வட்டங்கள் மாதிரி இது ஈமக்காடு வகைன்னு சொல்லிர முடியாது, அதவிட ரொம்பப் பழசு.

எத்தனை தடவ எண்ணினாலும் இந்தக் கல்லுக்கு ஒரே எண்ணிக்கை வராதுன்னு ஒரு கதை உண்டு. பொதுவா 38னு சொல்லுவாங்க. என் பொண்ணு ஓடி ஓடி எண்ணி 41ன்னா, மனைவி 37. நான் எண்ணல, புளிசாதப் பொட்டலத்த நனையாமப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அப்புறம் காருக்குள்ள உக்காந்து கண்ணாடி எல்லாம் ஆவி பிடிச்சுக் கிடக்க ஆளுக்கு ரெண்டு உருண்டையும் ஃப்ளாஸ்க் டீயும். ஆவி போக ஹீட்டர் மட்டும் போட்டாப் பத்தாது, கூட ஏசியையும் போடுங்க, அது ஈரத்த இழுத்துரும், ரெண்டு நிமிஷத்துல கண்ணாடி தெளியும்.

கெஸிக்ல பென்சில் மியூசியம். பேரக் கேட்டு சின்னப் புள்ளைங்க சமாச்சாரம்னு நினைக்காதீங்க. 1500கள்ல சீத்வெயிட் மலையில சுத்தமான கிராஃபைட் கிடைச்சது, இந்த ஊர்க்காரங்க அத வாட்னு சொல்லுவாங்க, முதல்ல ஆட்டுக்கு அடையாளம் போடத்தான் எடுத்திருக்காங்க. அப்புறம் பீரங்கிக் குண்டு வார்க்கற அச்சுக்குப் பூச அது உதவுதுன்னு தெரிஞ்சதும் விலை ஏறி, திருட்டு கூடி, 1752ல அதத் திருடினாக் கடுங்குற்றம்னு பார்லிமென்ட்ல சட்டமே போட்டாங்க. உலகத்துப் பென்சிலுக்கெல்லாம் மூலம் இந்த மலை. உள்ள கிட்டத்தட்ட 8 மீட்டர் நீளத்துல ஒரு மஞ்சக் கலர் பென்சில் தொங்குது. எனக்குப் பிடிச்சது ரெண்டாம் உலகப் போர்ல விமானப்படைக்காரங்களுக்குக் கொடுத்த ரகசியப் பென்சில். பாத்தா சாதாப் பென்சில்தான், உள்ள மெல்லிசுத் தாள்ல சுருட்டின மேப், ரப்பருக்கு அடியில ஒரு குட்டித் திசைகாட்டி. எதிரி நாட்டுல மாட்டிக்கிட்டா தப்பிச்சு வர.

இந்த மியூசியமும் டெஸ்மண்ட் வெள்ளத்துல முங்கி, ரொம்ப நாள் மூடிக் கிடந்து 2017லதான் திரும்பத் திறந்தது. பக்கத்துலயே க்ரேட்டா ஆறு. கரையில வெள்ளத் தடுப்புச் சுவர், அதுக்கு மேல கண்ணாடிப் பலகை வச்சிருப்பாங்க, ஆறு கண்ணுக்கு மறையக் கூடாதுன்னு. 2015ல அதையும் தாண்டித்தான் தண்ணி வந்தது.

மார்ச் 23

புளிசாதத்துக்கு ரெசிபி கேட்டு மூணு பேர். அம்மா புளிக்காய்ச்சல் பாட்டில்ல போட்டு ஊர்லருந்தே கொண்டு வந்தது, சூடா சாதம் மட்டும் வடிச்சுக் கலந்தோம். எள்ளு வறுத்துப் பொடிச்சுப் போட்டிருந்தாங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

மார்ச் 30

இனி சீத்வெயிட். இதுக்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கெஸிக்ல இருந்து பி5289 டெர்வென்ட்வாட்டர் ஏரியோரமா போகும். வழியில லோடோர் அருவி. ஒரு வெயில் ஜூலைல நாங்க அத முன்னாடியே பாத்திருக்கோம், பாறைக்கு நடுவுல நூல் மாதிரி ஒழுகிட்டு இருந்தது, இதுக்கா வந்தோம்னு திரும்பினோம். இந்தத் தடவ ரோட்லயே சத்தம் கேட்டுச்சு. அதே அருவிதான். ஆஷ்னெஸ் பாலத்துக்குப் பிரியற சின்ன ரோட்டுல மட்டும் மழைக்குப் போகாதீங்க, ஒத்தையடி ரோடு, எதிர்ல வண்டி வந்தா ரிவர்ஸ்லயே போகணும்.

ரோஸ்த்வெயிட் தாண்டி, சீடோலருக்குக் கொஞ்சம் முன்ன இடது பக்கம் சந்து மாதிரி ரோடு, அது பண்ணை வீட்டோட முடிஞ்சிரும். காரை ஓரமாப் போட்டு இறங்கினா வலது பக்க மலையில மேல இருந்து கீழ வரைக்கும் வெள்ளையா ஒரு கோடு. அது பேர் சோர்மில்க் கில். கில்னா மலை இடுக்குல இறங்குற ஓடை. முழுப் பேரத் தமிழ்ல சொன்னா புளிச்ச பால் ஓடை. அம்மாகிட்ட சொன்னதும் சிரிச்சுட்டாங்க. தென்காசில இருந்து செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு போனா அங்க பாலருவி இருக்கு, சின்ன வயசுல தாத்தா கூட்டிட்டுப் போன இடம். "நம்மாளுக பால்னு நிறுத்திக்கிட்டாங்க, இவங்க புளிக்க விட்டுட்டாங்களே"ன்னாங்க. ஆனா உத்துப் பாத்தா பேர் வச்சவங்க சரியாத்தான் வச்சிருக்காங்க. மழை வலுத்தா அது ஒரே வழியா விழாம, பாறையில பட்டுத் திரிதிரியாப் பிரிஞ்சு இறங்குது, திரிஞ்ச பால் பாத்திரத்து ஓரத்துல இறங்குமே அப்படி. மழை பெய்யாத நாள்ல போனவங்களுக்கு இந்தப் பேர் ஏன்னே விளங்காது.

அம்மாவும் மனைவியும் பண்ணை வீட்டுக் கொட்டாய் ஓரமா ஒதுங்கி நின்னாங்க. நானும் பொண்ணும் ஸ்டாக்லி பாலம் வரைக்கும் நடக்கலாம்னு கிளம்பினோம், பொதி சுமக்கற குதிரைக்குக் கட்டின பழைய குட்டிக் கல் பாலம், பண்ணையில இருந்து ஒண்ணரை கிலோமீட்டர் இருக்கும். கல்லுப் பாதை, ரெண்டு பக்கமும் அடுக்குக் கல் சுவர், பாதையே ஓடையாயிருச்சு, கணுக்கால் வரைக்கும் தண்ணி. பொண்ணுக்கு அவ்வளவு சந்தோஷம். பாதி தூரத்துக்கு மேல போயிருப்போம், இடது பக்கத்துல இருந்து ஒரு ஓடை பாதையக் குறுக்க வெட்டிட்டுப் போகுது, அதுல கால் வைக்கறதுக்குக் கல்லு தெரியல, நிறம் கட்டஞ்சாயா இல்ல, கலங்கின செம்பழுப்பு. அடியில கல்லு உருள்ற சத்தம் கேட்டுச்சு, டொக்கு டொக்குன்னு. திரும்பிட்டோம். பாலத்தப் பாக்கவே இல்ல.

மார்ச் 30, கொஞ்ச நேரம் கழிச்சு

மேல எழுதினத மறுபடி படிச்சேன். ஒரு விஷயத்த மழுப்பி எழுதியிருக்கேன். திரும்பலாம்னு சொன்னது நான் இல்ல, பொண்ணு. "அப்பா, தண்ணிக்குள்ள கல்லு நடக்குது"ன்னு சொல்லி என் கையப் பிடிச்சு இழுத்தா. அதுக்கு முன்னாடி நான் எந்த இடத்துல தாண்டலாம்னுதான் பாத்துட்டு இருந்தேன். அந்த நிமிஷத்த நினைச்சா இப்பவும் வயித்தக் கலக்குது. மலையோட ஓடை பத்து நிமிஷத்துல ஏறிரும், குத்தாலத்துல பொறந்து வளந்தவன் எனக்கு இது தெரியாததா? மேல கருக்கலாத் தெரிஞ்சாலே போலீஸ் விசில் ஊதி குளிக்கிறவங்கள வெளிய இழுத்து விடுவாங்க. இங்க விசில் ஊத ஆள் இல்ல. தண்ணி கலங்கி வந்தா, கல்லு உருள்ற சத்தம் கேட்டா, அந்த இடத்துலயே திரும்பிருங்க. பசங்க கூட இருந்தா அந்த ஓடை வரைக்குமே போகாதீங்க, நான் போயிருக்கக் கூடாது.

ஏப்ரல் 3

என்னென்ன கொண்டு போகணும்னு தம்பி கேட்டிருக்கார். ஜீன்ஸ் போடாதீங்க, நனைஞ்சா அது காயவே காயாது, தொடையில ஒட்டிக்கிட்டு குளிர் எலும்புக்குள்ள போகும். மனைவி நைலான் பேன்ட், அவங்களுக்கு அரை மணியில காஞ்சிருச்சு. ஷூ நான் ஒரு கடையில வாட்டர்ப்ரூஃப்னு சொல்லிக் கொடுத்தத வாங்கிட்டுப் போனேன், ஏரா ஃபோர்ஸ்லயே உள்ள தண்ணி போயி நாள் பூரா சளக்கு சளக்குன்னு நடந்தேன், ஆளுக்கு மூணு ஜோடி சாக்ஸ் எடுத்துக்கோங்க. நனைஞ்ச ஷூவுக்குள்ள ராத்திரி நியூஸ்பேப்பரக் கசக்கித் திணிச்சு, நடுராத்திரி ஒரு தடவ மாத்தி வச்சா காலைல போடற அளவுக்கு வந்துரும். குடை வேண்டாம்னு சொன்னேன்ல, அம்மா குடை பூலி பிரிட்ஜ்லயே காத்துல மடங்கி கம்பி ரெண்டு போச்சு, தொப்பி வச்ச ரெயின்கோட் போதும். அக்டோபர்னா அஞ்சு மணிக்கு முன்னாடியே இருட்டிரும், உங்களுக்கு ஏப்ரல்ல அந்தக் கவலை இல்ல. கிளம்புறதுக்கு முன்ன ஆத்துத் தண்ணி மட்டம் போன்ல பாத்துக்கோங்க, அரசாங்கமே போடுது. போரோடேல் ரோட்டுல தண்ணி ஏறுறது வழக்கம்.

ஹானிஸ்டர் கணவாய் ஏறலாமான்னும் கேட்டிருக்கார். ரோடு 25 சதவீத ஏத்தம், உச்சி 356 மீட்டர். நாங்க அன்னிக்கு ஏறல, அடுத்த நாள் மழை விட்டப்புறம் போனோம். மாமனார் மாமியார வச்சுக்கிட்டு கொட்டுற மழையில வேண்டாம்.

ஏப்ரல் 6

தம்பிக்கு ஒண்ணு சொல்ல விட்டுப் போச்சு. நீங்க மான்செஸ்டர்னு சொன்னீங்கல்ல? கெஸிக்குக்குத் தெக்க தேர்ல்மியர்னு ஒரு ஏரி, அத அணை கட்டி ஒசத்தி 1894ல இருந்து மான்செஸ்டருக்குத்தான் குடிதண்ணி போகுது. 96 மைல், பம்ப்பே கிடையாது, சரிவுலயே ஓடி வருது. நம்ம முல்லைப் பெரியாறு 1895, ஒரு வருஷம்தான் வித்தியாசம். போன தடவ நீங்க ரூம் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு இருந்த மழை வீட்டுக் குழாய்ல உங்களுக்கு முன்னாடி வந்து நின்னாலும் நிக்கும்.

ஏப்ரல் 26

தம்பி போயிட்டு வந்து எழுதினதப் படிச்சேன், ரொம்ப சந்தோஷம். மூணு நாள்ல ஒண்ணரை நாள் மழை, ஆனா ரூம்ல உக்காரலங்கறதே பெருசு. மாமியார் லோடோர் அருவிய விட்டு வர மாட்டேன்னு அடம் பிடிச்சு அரை மணி நேரம் நின்னாங்கன்னு எழுதியிருக்கீங்க, அவங்கள எனக்குப் பிடிச்சுப் போச்சு, எந்த ஊருன்னு கேட்டுச் சொல்லுங்க. கல்லு எண்ணிக்கை உங்க பசங்களுக்கு 40, 38 ரெண்டும் வந்ததா? என் பொண்ணுகிட்ட சொன்னேன், 40 வந்த பையன் தொடக்கத்துல எண்ணின ரெண்டு கல்லைக் கடைசில மறுபடி எண்ணியிருப்பான்னு சொல்றா. அப்ப உனக்கு எப்படி 41 வந்துச்சுன்னு கேட்டா, மூணு ஆடு கல்லு மாதிரியே நின்னுச்சாம்.

ஜூன் 14

ஊர்ல இருந்து அம்மா போன். சாரல் விழ ஆரம்பிச்சிருச்சாம், ஐந்தருவில நல்ல தண்ணியாம், ரோடு பூரா வெளியூர் வண்டியாம். பேசி முடிச்சு வைக்கறப்ப, "ஏய்யா, அந்தப் புளிச்ச பால்ல இன்னிக்குத் தண்ணி இருக்கா பாரு"ன்னாங்க. சீத்வெயிட் மழை அளவு போன்ல பாத்துச் சொன்னேன். அங்கயும் பெய்யுது.